ஊசிக்குப் பிறகுதான் சாப்பாடு

கடுகு என்று அந்தப் பெண்ணுக்குப் பெயர் வைத்தது அவள் அப்பா. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? பதினாறு வயதில் அவள் வாய்க்கு முன்னால் வீட்டில் ஒருவரும் நிற்க முடியாது. அப்படிப்பட்டவள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மிருக டாக்டரின் அறையிலிருந்து வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பூனைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்தபடி வந்தாள். அவள் அம்மா அதைக் கவனிக்கத்தான் செய்தாள். பூனை போகப்போகிறதே என்ற வருத்தம், பாவம், நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். பெற்றவளுக்குப் பிள்ளையின் மனசு தெரியும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அது எல்லா நாளும் உண்மையில்லை.

டாக்டரின் அறையில் என்ன நடந்தது என்பதற்கு முன்னால் பூனை வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

கடுகுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்கள் மாத்திரையும் நடையுமாகச் சமாளிக்கிற சர்க்கரை இல்லை. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிற வகை. பெரும்பாலும் குழந்தைகளைப் பிடிப்பது. வாழ்நாள் முழுக்க ஊசி. நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. அவள் அப்பா கேக் கடை வேன் டிரைவர். ஊருக்கெல்லாம் பிறந்தநாள் கேக் சுமக்கிறவர் வீட்டில் இந்த நோய் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தால், கடவுளுக்கும் நக்கல் உண்டு என்றுதான் சொல்லத் தோன்றும்.

முதல் மாதம் நரகம். ஊசி நேரம் வந்தால் குழந்தை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அம்மா காலைப் பிடித்து வெளியே இழுப்பாள். போடுகிற அலறலைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர்கள், பிள்ளையை அடிக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைத் தட்டியதுண்டு. அப்படி ஒரு நாளில்தான் அப்பா கேக் பெட்டி ஒன்றோடு வந்தார். உள்ளே கேக் இல்லை. வேனுக்கு அடியில் கத்திக்கொண்டிருந்த ஆரஞ்சு நிறப் பூனைக்குட்டி ஒன்று உருண்டு கிடந்தது. வீட்டுக்காரரோ நாய் பூனை கூடாது என்று கறாராகச் சொல்லி வாடகைக்கு விட்டவர். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் போறோம்," என்றார் அப்பா. பூனைக்குப் பெயர் அப்படித்தான் வந்தது. வீட்டுக்காரர் ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார் என்பது வேறு விஷயம். விவரம் கேட்டதும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

விவரம் இதுதான். கட்டிலுக்கு அடியில் இருந்த மகளிடம் அப்பா சொன்னார்: "இந்த வீட்டுல ஒரு சட்டம். நீ ஊசி போட்டுக்கிட்ட பிறகுதான் பூசணிக்குச் சாப்பாடு. நீ ஒளிஞ்சிக்கிட்டா அது பட்டினி. உன் இஷ்டம்." ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஆனால் குழந்தை வெளியே வந்தாள்.

அந்தச் சட்டம் ஏழு வருஷம் நின்றது. பூனையும் அதைப் படித்துக்கொண்டது. இன்சுலின் இருக்கிற ஃபிரிட்ஜின் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் ஓடிவரும். கடுகு சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சட்டையைத் தூக்குவாள். பூசணி அவள் முழங்காலில் ஒரு காலை வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்க்கும். இன்சுலின் பேனா டிக் டிக்கென்று சத்தமிட்டு, ஊசி உள்ளே போய் வெளியே வந்த பிறகுதான் கிண்ணத்தின் பக்கம் திரும்பும். பதின்மூன்று வயதுக்கு மேல் கடுகுக்கு எல்லாமே வெறுத்துப்போன காலம் வந்தது. பள்ளியில் யாருக்கும் தெரியக்கூடாது என்பாள். ஒரு வேளை போடாவிட்டால் செத்தா போவேன் என்பாள். அம்மா கதவைத் திறந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எவ்ளோ?" மீட்டரில் சர்க்கரை எவ்வளவு என்று அர்த்தம். "நான் உனக்குப் பொண்ணா, மீட்டரா?" என்று கடுகு கத்துவாள். கதவு அறையப்படும். அம்மாவிடம் சண்டை போடலாம். பூனையிடம் என்னவென்று போடுவது? அது கதவுக்கு வெளியே உட்கார்ந்து, ஊசி போடுகிறாயா இல்லையா என்று குடலைப் பிடுங்கிப் போட்டதுபோலக் கத்தும். கடைசியில் அவளே திட்டிக்கொண்டு எழுந்து வருவாள். அம்மா மூச்சு விடுவாள். தன்னால் ஆகாததைப் பூனை செய்கிறதே என்று அதற்கு ஒரு துண்டு மீன் கூடவே வைப்பாள்.

இந்தப் பூசணிதான் போன மாதத்திலிருந்து இளைக்க ஆரம்பித்தது. தண்ணீர்க் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுக் குழாயடியிலும் போய் நக்கியது. மணல் தட்டு எப்போது பார்த்தாலும் ஈரம். "பூசணி போய்ப் புடலங்காய் ஆயிடுச்சே," என்று அப்பா கேலி செய்தார். கடுகு சிரிக்கவில்லை. "அம்மா, எனக்கு வந்தப்போ நான் இப்படித்தானே தண்ணி குடிச்சேன்?" என்றாள். பூனையை மடியில் போட்டு, தன் விரலைக் குத்துகிற ஊசியால் அதன் காது ஓரத்தில் குத்தி, ஒரு பொட்டு ரத்தத்தைத் தன் மீட்டரில் வைத்தாள். ரொம்ப அதிகம் என்றது மீட்டர். வேறு எந்த வீட்டில் இப்படி ஒரு காரியம் நடக்கும்? அவள் பூனையைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்து, "நீயும் நம்ம கட்சிதானா?" என்றாள். கண்ணில் தண்ணீர். ஆனால் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் அவள் தனியாள் இல்லை.

இனி டாக்டரின் அறை. மிருக டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, அதேதான், சர்க்கரை என்றார். தினம் இரண்டு வேளை ஊசி போடலாம். சில பூனைகள் அதில் நன்றாகவே இருக்கும். வயதாகிவிட்டதால் உறுதி சொல்ல முடியாது. அடிக்கடி கொண்டுவந்து காட்ட வேண்டும். அது முடியாதென்றால், கஷ்டப்படாமல் தூங்கவைத்துவிடுவதும் ஒரு வழி என்று மெதுவாகச் சொன்னார். அம்மா வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். பெரிய ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து அனுப்பும் லாண்ட்ரியில் அவளுக்கு வேலை. காலையிலிருந்து நீராவி உருளைக்கு முன்னால் நின்ற கால் வீங்கியிருந்தது. டாக்டர் சொன்னதில் அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: இன்னும் ஒரு ஊசி, இன்னும் ஒரு மீட்டர், இன்னும் ஒரு உயிருக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல்.

"வேண்டாம் டாக்டர்," என்றாள். "தினம் ரெண்டு வேளை ஊசி. இன்னிக்கு எவ்ளோ, நாளைக்கு எவ்ளோன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். அது ஒரு வாழ்க்கையா? குத்திக் குத்தி உயிரோட வெச்சுக்கறதுக்கு, நிம்மதியாப் போயிடட்டும். அதுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி."

கடுகு கூடையைக் கையில் பிடித்தபடி பக்கத்தில்தான் நின்றாள். டாக்டரின் பார்வை ஒரு கணம் அவள்மேல் போய் வந்தது. அவருக்கு அவள் நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது. அழப்போகிறாளோ என்று பார்த்திருப்பார். சனிக்கிழமை காலை கொண்டுவரச் சொன்னார். "சரிதானேம்மா கடுகு?" என்று கூட வந்திருந்த அப்பா கேட்டார். "சரிப்பா," என்றாள். அவ்வளவுதான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். அம்மாவுக்குக் கொட்டியதே தெரியவில்லை.

மறுநாளிலிருந்து கடுகு தங்கமான பிள்ளை ஆகிவிட்டாள். "எவ்ளோ?" என்றால் "நூத்தி முப்பது" என்றாள், கதவை அறையாமல். ஊசியை மட்டும் சமையலறையில் போட்டுக்கொள்ளவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பெரிய பெண்ணாகிவிட்டாள், தனிமை வேண்டும்போல என்று அம்மா நினைத்தாள். உள்ளிருந்து டிக் டிக் சத்தம் வந்தது. அவளுக்கு அது போதும். வெளியே வந்து கடுகு பூனைக்குச் சாப்பாடு வைத்தாள். பூசணி அவசர அவசரமாகத் தின்றுவிட்டு ஃபிரிட்ஜுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு கத்தியது. குடலைப் பிடுங்கும் அதே கத்தல். ஏன் கத்தியது என்று சத்தியம் செய்து சொல்ல யாராலும் முடியாது; நோயின் பசியாகவும் இருந்திருக்கலாம். அம்மா அப்படித்தான் நினைத்தாள். "சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கடா செல்லம்," என்று அதன் தலையைத் தடவிவிட்டு வேலைக்குப் போனாள்.

வியாழக்கிழமை. லாண்ட்ரியில் விரிப்பு மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். நீராவி உருளையிலிருந்து சூடாக வெளியே வருகிற விரிப்பை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, முனையோடு முனை சேர்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மடிக்க வேண்டும். அம்மாவுக்கு ஜோடி, எல்லோரும் மைக்செட் அக்கா என்று கூப்பிடுகிற பெண். மிஷின் இரைச்சலையும் மீறிக் கேட்கிற குரல். ரகசியத்தைக்கூட ஊருக்குத்தான் சொல்வாள். வாய் ஓயாத ஆள், அன்றைக்குக் கதை கேட்கிற முறை அவளுடையது.

"பூனைக்கும் சுகராம் அக்கா. தினம் ஊசி போடணுமாம்," என்றாள் அம்மா, முனையைக் கொடுத்துக்கொண்டே.

"அடக் கடவுளே. என்ன சொன்னே?"

"வேண்டாம்னுட்டேன். குத்திக் குத்தி உயிரோட வெச்சுக்கறது ஒரு வாழ்க்கையான்னு கேட்டேன். நிம்மதியாப் போகட்டும்னு..."

மைக்செட் அக்கா நடப்பதை நிறுத்திவிட்டாள். விரிப்பு இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கியது. பின்னால் அடுத்த விரிப்பு வந்து தரையில் சரிந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள்.

"தங்கச்சி, பாப்பா அப்போ எங்கே இருந்தா?"

கூடையோடு பக்கத்தில் நின்ற உருவம் அம்மாவின் கண்ணுக்கு முன்னால் வந்தது. தாழ்ப்பாள் போட்ட குளியலறை வந்தது. எத்தனை வேளை ஊசி உள்ளே போவதைத் தன் கண்ணால் பார்த்தோம் என்று யோசித்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஃபிரிட்ஜுக்கு முன்னால் பூனை ஏன் உட்கார்ந்திருந்தது? விரிப்பின் முனைகள் கையிலிருந்து விழுந்தன. மேற்பார்வையாளர் என்னமோ கத்தினார். அவள் வேலைக் கவுனைக்கூடக் கழற்றாமல் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். பள்ளிக்குப் போன் செய்தாள். இன்றைக்கு வரவில்லையே என்றார்கள்.

படியேறும்போதே பூசணியின் கத்தல் கேட்டது. கதவைத் திறந்ததும் அந்த வாடை. அழுகின பழத்தைப்போல ஒரு தித்திப்பு வாடை. ஒன்பது வயதில் மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அன்று அவள் வாயிலிருந்து வந்தது இதே வாடைதான். கடுகு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். மலை ஏறியவள்போல ஆழமாக மூச்சு வாங்கியது. உதடு வெடித்திருந்தது. கூப்பிட்டதற்குக் கண் பாதி திறந்தது. "பூசணிக்குச் சாப்பாடு வெச்சிட்டேன்மா," என்றாள், குழறலாக.

போன் போட்டு வரவழைத்த அப்பாவின் வேனில்தான் கொண்டுபோனார்கள். பின்னால் யாருடைய பிறந்தநாளுக்கோ போக வேண்டிய கேக்குகள் ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டிக்குள் சரிந்துகொண்டு வந்தன. "என்ன ஆச்சு? நேத்துக்கூட நூத்தி முப்பதுன்னு சொன்னாளே?" என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா மகளின் தலையை மடியில் பிடித்துக்கொண்டு, "நான்தாங்க, நான்தாங்க," என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

பிழைத்துக்கொண்டாள். இன்னும் அரை நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் வார்டின் பெண் டாக்டர். இரண்டு கையிலும் டியூப். வெள்ளிக்கிழமை மதியம்தான் தெளிவாகக் கண் விழித்தாள். விழித்ததும் கேட்டது, "சனிக்கிழமை ஆயிடுச்சா?"

அம்மா இதற்காகவே ராத்திரியெல்லாம் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். ஆனால் "நான் பூனையைத்தான்டி சொன்னேன்," என்று மட்டும் வந்தது.

"பூனைக்கு என்ன வியாதி?"

அம்மா போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

"எனக்கு என்ன வியாதி?"

"கடுகு..."

"நீ பொய் சொல்லலம்மா. நான் கோவமா இல்ல." குரலில் காரமே இல்லை; அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. "நானும் ரொம்ப நாளா அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன், இது ஒரு வாழ்க்கையான்னு. நீயும் அப்படி நெனக்கறேன்னு தெரியாது. அவ்ளோதான்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா அழுதாள், கையைப் பிடித்தாள், காலைக்கூடப் பிடித்தாள். கடுகு தன் காலை மெதுவாக இழுத்துக்கொண்டாள். வார்டு டாக்டர் அவளை நடையில் நிறுத்திவைத்துச் சொன்னார்: "டியூப் வழியா இன்சுலின் நாங்க ஏத்திடுவோம். அது பெரிய விஷயமில்ல. மனசு சரியில்லாததுக்குப் பேசறதுக்கும் ஒருத்தர் வருவாங்க. ஆனா டியூப் எடுத்ததுக்கப்புறம் அவ கையால அவ போட்டுக்கணும், இன்னிக்கு இல்ல, தினமும். போட்டுக்க மாட்டேன்னு இருக்கிற பொண்ணை நான் எப்படி வீட்டுக்கு அனுப்பறது? நீங்க எத்தனை நாள் கூடவே நிப்பீங்க?" அம்மா ஆயுசு முழுக்க நிற்கத் தயார்தான். குளியலறைக் கதவுக்கு வெளியேதானே நிற்க முடியும்?

சனிக்கிழமை காலை, மாற்றுத் துணி எடுக்க அம்மா வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தபோது சத்தமில்லை. பூனை என்று ஒன்று இருப்பதையே இந்த அமளியில் அவர்கள் மறந்துபோயிருந்தார்கள். வைத்த சாப்பாடு காய்ந்து கிடந்தது. பூசணி ஃபிரிட்ஜ் கதவோடு ஒட்டிப் படுத்திருந்தது. தொட்டால் எலும்பு. அவளைப் பார்த்து வாயைத் திறந்தது, கத்தல் வரவில்லை. மகளைப்போலவே ஆழமாக மூச்சு வாங்கியது. அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். மனிதருக்கு முன்னால் அழுததைவிட அதிகமாக அழுதாள்.

மிருக டாக்டர் அவளைப் பார்த்ததும் எல்லாம் தயாராக வைத்திருப்பதாகச் சொன்னார். "பொண்ணு வரலியா? நல்லது. வலிக்காது, ஒரே ஒரு ஊசிதான். நீங்க சொன்ன மாதிரி நிம்மதியா..."

"இல்ல டாக்டர். அந்த ஊசி வேண்டாம். மத்த ஊசி போடுங்க."

அவர் பூனையைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. "ரொம்ப முத்திப்போச்சும்மா. இப்போ போட்டாலும் பிழைக்கும்னு சொல்ல முடியாது. எதுக்கு அதைக் கஷ்டப்படுத்தறீங்க? நீங்களே கேட்டீங்களே, இது ஒரு வாழ்க்கையான்னு."

"தப்பாக் கேட்டுட்டேன்." அம்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "குத்துங்க டாக்டர். எத்தனை வேணும்னாலும் குத்துங்க. குத்திக் குத்தியாவது உயிரோட இருக்கட்டும். இந்தப் பூனை செத்துப்போனா என் பொண்ணு ஊசி போட்டுக்க மாட்டா டாக்டர். என் வாயாலதான் எல்லாம். என் வாயாலதான்." பிறகு நடந்ததையெல்லாம் சொன்னாள். அவள் முடித்ததும் அவர் பூனையின் முன்னங்காலில் முடியை மழிக்க ஆரம்பித்தார்.

சனி, ஞாயிறு, திங்கள். அம்மா இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் அல்லாடினாள். ஒன்றில் மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மற்றதில் பூனை கூண்டுக்குள் டியூபோடு கிடந்தது. அங்கே இருக்கும்போது இங்கே என்ன ஆயிற்றோ, இங்கே இருக்கும்போது அங்கே என்ன ஆயிற்றோ. பேச வந்த பெண்ணிடமும் கடுகு பேசவில்லை. அப்பா, கேக் பெட்டிக்குள் குட்டி இருந்த கதையைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பாதியில் அவருக்கே குரல் உடைந்தது. பூசணிக்கு வைத்தியம் நடப்பதை அம்மா மகளிடம் சொல்லவில்லை. பிழைக்கும் என்று சொல்லி, அது செத்துவைத்தால்? இனி அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லும் தைரியம் இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு முன்னால், மிருக டாக்டரின் கூண்டறையில் அம்மா பூனையின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தபோது அப்பாவின் போன் வந்தது. "டியூபை எடுத்துட்டாங்க. சாப்பாடு வந்திருக்கு. சாப்பாட்டுக்கு முன்னாடி அவளே போட்டுக்கணும்னு பேனாவைக் கையில கொடுத்திருக்காங்க. கீழே வெச்சிட்டா. தொடவே மாட்டேங்கறா. நான் என்ன சொல்றது?"

"போனை அவ காதுல வைங்க," என்றாள் அம்மா.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அம்மா பேசினாள். அடுக்கி வைத்த வார்த்தைகள் எதுவும் இப்போது நினைவில் இல்லை.

"கடுகு, வெச்சிடாதே. அன்னிக்கு நான் சொன்னது பூனையைப் பத்தி இல்ல. உன்னைப் பத்தியும் இல்ல. என்னைப் பத்தி. எனக்கு அலுத்துப்போச்சுடி. அது உண்மை. உனக்கு ஊசி போடறது அலுக்கல. பயந்துக்கிட்டே இருக்கறது அலுத்துப்போச்சு. எவ்ளோ எவ்ளோன்னு கேக்கறது அலுத்துப்போச்சு. உயிரோட இருக்கியான்னு கேக்க வாய் வராமத்தான் எவ்ளோன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். ஆயுசுக்கும் அலுத்துக்கிட்டே கேப்பேன். நீ கத்து. கதவை அறை. அறையறதுக்கு நீ இருக்கணும்." மூச்சு முட்டியது. "பூசணி இங்கேதான் இருக்கு. நான் கொல்லல. ஊசி போட்டுக்கிட்டிருக்கோம். பிழைக்குமான்னு டாக்டருக்கே தெரியல, எனக்கும் தெரியாது. ஆனா போட்டுக்கிட்டேதான் இருக்கோம்."

பதில் இல்லை. அம்மா போனை மறு காதுக்கு மாற்றியதில் பூசணியின் தலை அசைந்தது. அது கண்ணைத் திறந்து, தூக்கத்தைக் கெடுத்தவளைப் பார்த்து, கீறல் விழுந்த குரலில் கத்தியது. மூன்று நாளில் அதுதான் அதன் முதல் கத்தல்.

அந்தப் பக்கம் மூச்சு நின்றது. பிறகு, "எவ்ளோ?" என்று ஒரு குரல்.

"என்னடி?"

"பூசணிக்கு. எவ்ளோ இருக்கு இப்போ?"

அம்மா கூண்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். கண்ணீரில் எழுத்து தெரியவில்லை; துடைத்துக்கொண்டு பார்த்தாள். "முன்னூத்திப் பத்து. காலையில நானூறுக்கு மேல இருந்துச்சு."

"இன்னும் ஜாஸ்திதான்," என்றாள் கடுகு, மிகவும் பொறுப்பான குரலில்.

கத்தலைக் கேட்டு மிருக டாக்டர் எட்டிப் பார்த்தார். பூனை நாக்கைச் சுழற்றி உதட்டை நக்குவதைக் கண்டதும் அவர் புருவம் உயர்ந்தது. கொஞ்சம் மீன் குழைவைக் கிண்ணத்தில் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தார். "வெச்சுப் பாருங்க. தின்னா நல்லது," என்றார்.

"டாக்டர் சாப்பாடு கொடுத்திருக்காருடி," என்றாள் அம்மா போனில். "வெச்சுப் பாக்கச் சொல்றாரு."

"வெக்காதே!"

அந்தக் குரலில் காரம் இருந்தது. அம்மா கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். "ஏண்டி? பசியில இருக்கும்மா அது."

"வெக்காதேம்மா. இரு." ஆஸ்பத்திரிக் கட்டில் கிறீச்சிட்டது. கடுகு சொன்னாள்: "நான் இன்னும் போட்டுக்கல."

பேனாவின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. அப்பா எங்கோ தள்ளி விசும்பினார். அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, டிக் டிக் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். கூண்டுக்குள் பூசணி கிண்ணத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. அவள் வைக்கவில்லை.